நாக்கிலே எழுதினால் பேச்சு வருமா?

நம் நாட்டில் ஒரு பிள்ளை பிறந்தால் பெரியவர்கள் செய்கிற முதல் காரியம் அதன் நாக்கைப் பிடிப்பதுதான். பிறந்த அன்றே சேனை வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாக்கில் வைக்கிறார்கள். வைக்கிறவருடைய குணமும் வாக்கும் பிள்ளைக்கு வந்துவிடுமாம். சில நாள் போனதும் வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுகிறார்கள். நாக்குத் தடிக்காமல் பேச்சுத் திருத்தமாய் வருமாம். அச்சன்புதூரிலிருந்து மேற்கே மலையைத் தாண்டிப் போனால், விஜயதசமியன்று பொன் மோதிரத்தைக் கொண்டு பிள்ளையின் நாக்கின்மேலேயே எழுத்து எழுதுகிறார்கள். இவ்வளவும் செய்து, மூன்று வயதாகியும் பேச்சு வராவிட்டால் சோசியனிடம் ஓடுகிறார்கள். அவன் வாக்கு ஸ்தானம் கெட்டிருக்கிறது என்று ஒரு பரிகாரம் சொல்லுகிறான். பிறகு திருச்செந்தூருக்கு நேர்ந்துகொள்ளுகிறார்கள். ஆக, பாட்டி முதல் சோசியன் வரை எல்லாருடைய கையும் பிள்ளையின் நாக்கிலேயே இருக்கிறது. காதைப் பற்றி ஒருவராவது பேசுவதில்லை. காது குத்துவதற்கு மட்டும் தாய்மாமனைத் தேடிப் பிடிக்கிறார்கள்!

பேச்சு என்பது நாக்கில் பிறப்பதல்ல, அது காது வழியாக உள்ளே போய்ச் சேர்ந்த பிறகுதான் நாக்குக்கு வேலை வருகிறது என்பதும், அந்தக் காரியத்தின் மிக முக்கியமான பாகம் பிள்ளையின் முதல் ஒரு வருஷத்திற்குள்ளாகவே நடந்துவிடுகிறது என்பதும் இன்று யாரோ ஒருவருடைய அபிப்பிராயம் அல்ல. கைக்குழந்தைகளை வைத்தே பரீட்சித்துப் பார்த்துக் கண்ட விஷயமாகும். பேசத் தெரியாத குழந்தையிடம் எப்படிப் பரீட்சை செய்வது என்று வாசகர்கள் கேட்கலாம். அதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

1971-ல் அமெரிக்காவில் பீட்டர் ஐமாஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு மாதக் குழந்தைகளையும் நான்கு மாதக் குழந்தைகளையும் எடுத்துக்கொண்டு, அவற்றின் வாயில் ஒரு ரப்பர் காம்பைக் கொடுத்தார்கள். காம்பு ஒரு கருவியோடு சேர்க்கப்பட்டிருந்தது. குழந்தை வேகமாய்ச் சப்பினால் ஓர் ஒலி கேட்கும். ஒரே ஒலி திரும்பத் திரும்பக் கேட்டால் குழந்தைக்குச் சலித்துப் போய்ச் சப்புவது தளர்ந்துவிடும். அந்தச் சமயம் பார்த்து ஒலியை மாற்றினார்கள். குழந்தை ‘இது வேறே’ என்று கண்டுகொண்டால் மறுபடி வேகமாய்ச் சப்பும். மாற்றிய ஒலிகள் எவை? ‘பம்பரம்’ என்ற சொல்லில் முதலில் வருகிற ‘ப’ ஒன்று, நடுவில் வருகிற ‘ப’ மற்றொன்று. நாம் இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதிவிடுவதால் இரண்டும் வேறு ஒலிகள் என்ற நினைவே நம்மில் பலருக்கு இருப்பதில்லை. தொண்டையில் கையை வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். இந்த வித்தியாசத்தை ஒரு மாதக் குழந்தை கண்டுகொண்டது! சேனை வைத்தவர் யார், எந்த நட்சத்திரத்தில் பிறந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை.

இதைவிட முக்கியமான பரீட்சை ஒன்று 1984-ல் வெளியாயிற்று. ஜேனட் வெர்கர் என்ற அம்மையாரும் ரிச்சர்டு டீஸ் என்பவரும் கானடாவில் செய்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது நம்முடைய சரக்கு. அதாவது இந்தியில் உள்ள ‘ட’வும் ‘த’வும். எங்கள் பக்கத்தில் ஆடு மேய்க்கிற பையன்கூட ‘பட்டு’ என்றால் துணி, ‘பத்து’ என்றால் எண் என்று வேறு வேறாய்க் கேட்டுக்கொள்ளுகிறான். இங்கிலீஷ் ஒன்றையே கேட்டு வளர்ந்த பெரியவர்களுக்கோ, எவ்வளவு படித்தவர்களாயிருந்தாலும், இரண்டும் அனேகமாய் ஒன்றாகவே காதில் விழும். நாக்கை மடித்துச் சொல்லுகிறோமா பல்லில் வைத்துச் சொல்லுகிறோமா என்று அவர்களால் பிரிக்க முடிவதில்லை. ஆனால் இங்கிலீஷ் வீட்டில் பிறந்த ஆறு மாதக் குழந்தைக்கு இது தெரிகிறது. ஒலி மாறும்போது தலையைத் திருப்பினால் ஒரு பொம்மை வெளிச்சத்தோடு ஆடும்படி செய்து, அதற்குக் குழந்தைகளைப் பழக்கிவிட்டுப் பார்த்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை ‘ட’ போய் ‘த’ வந்தவுடன் தலையைத் திருப்பின. எட்டு முதல் பத்து மாதமானதும் திருப்பியவை குறைந்துவிட்டன. பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் மிகச் சிலவே திருப்பின. அதே வயதில் இந்தி வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் சரியாய்த் திருப்பின. கானடாவின் பழங்குடிகள் பேசும் ஒரு மொழியின் தொண்டை ஒலிகளை வைத்துப் பார்த்தபோதும் இதே முடிவுதான் கிடைத்தது.

இதன் அர்த்தம் என்ன? பிறக்கிற பிள்ளை, மனிதர்கள் பேசுகிற ஒலிகளில் பெரும்பாலானவற்றைப் பிரித்துக் கேட்கும் காதோடுதான் பிறக்கிறது. அதற்குத் தாய்மொழி என்று ஒன்று உடம்பில் இல்லை. தன்னைச் சுற்றியிருக்கிறவர்கள் எந்த வித்தியாசங்களைப் பேச்சில் கையாளுகிறார்களோ அவைகளை வைத்துக்கொள்ளுகிறது; கையாளாதவைகளைக் கவனிப்பதை விட்டுவிடுகிறது. நெல்லைத் தூற்றிப் பதரை விடுகிற மாதிரி இந்தக் காரியம் தொட்டிலிலேயே நடந்து முடிகிறது. அது முதல் வார்த்தை பேசுவதற்கு முன்னாலேயே!

இப்படியிருக்க, ‘இந்த வார்த்தை எல்லாம் அவன் வாயில் நுழையாது, அதற்கு ஒரு பிறவி வேண்டும்’ என்று நம் நாட்டில் ஆயிரக்கணக்கான வருஷமாய்ச் சொல்லிவந்தவர்களுடைய யோக்கியதை என்ன ஆயிற்று என்று கேட்கிறோம். வடமொழியில் ககரம் மட்டும் நான்கு விதம். அந்த நான்கையும் ஒழுங்காய்ச் சொல்ல வேதமோதுகிற ஜாதியின் நாக்கால்தான் முடியும், மற்றவன் நாக்கு தடித்தது என்று பிரசாரம் செய்தார்கள். மற்றவர்களும் அதை நம்பித் தலையாட்டினார்கள். பறைச்சேரிக் குடிசையில் ஆறு மாதத்தில் தவழுகிற பிள்ளைக்கும் அக்கிரகாரத்தில் ஆறு மாதத்தில் தவழுகிற பிள்ளைக்கும் காதில் ஒரு மயிரளவு வித்தியாசமும் கிடையாது. ஒரு பிள்ளையின் காதில் அந்த ஒலிகள் தினம் விழுந்தன, இன்னொரு பிள்ளையின் காதில் விழவில்லை. ஏன் விழவில்லை என்றால், விழவிடவில்லை! கௌதம தர்ம சூத்திரம் என்கிற நூல், வேதத்தை வேண்டுமென்று கேட்கிற சூத்திரனுடைய காதில் ஈயத்தையோ அரக்கையோ காய்ச்சி ஊற்றவேண்டும் என்று விதிக்கிறது. கவனியுங்கள். நாக்குத்தான் காரணம், பிறவிதான் காரணம் என்று உண்மையாகவே நம்பியிருந்தால் காதில் ஏன் ஈயத்தை ஊற்றச் சொல்லவேண்டும்? கேட்டால் வந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெர்கர் அம்மையார் 1984-ல் கண்டுபிடித்த விஷயத்தில் பாதி, ஈயம் காய்ச்சச் சொன்னவனுக்கு அப்போதே தெரியும்.

நிற்க. இதே அளவுகோலை நம் பக்கத்துப் பெருமைக்கும் வைத்துப் பார்க்கவேண்டியது நியாயம். ‘ழ’ என்ற ஒலி தமிழனுடைய இரத்தத்தில் இருக்கிறது என்று மேடைகளில் முழங்குகிறார்கள். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் வந்து சந்தையில் நின்று கேட்டால் தெரியும். ‘வாளைப்பளம்’ தான் விற்கிறது! மலைக்கு அந்தப் பக்கம் மலையாளிகள் ‘ழ’வை நம்மைவிடச் சுத்தமாய்ச் சொல்லுகிறார்கள். ஒரு ஜப்பான் நாட்டுக் குழந்தையைக் கைக்குழந்தையாகவே கொண்டுவந்து நாஞ்சில் நாட்டில் வளர்த்தால் அது நாஞ்சில் தமிழ் பேசும். நம் குழந்தையை டோக்கியோவில் வளர்த்தால் ‘ர’வுக்கும் ‘ல’வுக்கும் பேதம் தெரியாமல் விழிக்கும். இதில் இரத்தம் எங்கே வந்தது?

இன்னும் ஒன்று. நாம் ‘ந’ என்றும் ‘ன’ என்றும் இரண்டு எழுத்து வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் எங்கே எதைப் போடுவது என்று பிள்ளைகள் உதைபடுகிறார்கள். காரணம், இன்று நம்மில் அனேகமாய் எல்லாரும் இரண்டையும் ஒரே மாதிரிதான் உச்சரிக்கிறோம். தொல்காப்பியம் எழுதியவர் நாக்கு எங்கே படுகிறது என்று இரண்டுக்கும் தனித்தனியாய்ச் சொல்லியிருப்பதால் அக்காலத்தில் அவை காதுக்கு வேறாய் இருந்தன என்று தெரிகிறது. நமக்குப் போய்விட்ட இந்த வித்தியாசம் அச்சன்புதூரிலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு வழியாய்ப் புனலூருக்குப் போனால் உயிரோடு இருக்கிறது. அவர்கள் ‘வந்நு’ என்றால் ‘வந்தது’. அதில் நாக்கு பல்லைத் தொடும். ‘என்னெ’ என்றால் ‘என்னை’. அதில் நாக்கு பல்லுக்கு மேலே தொடும். மலையாள எழுத்தில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். ஆனால் காது பிரித்துவிடுகிறது. நமக்கோ எழுத்து இரண்டு, காது ஒன்று! மரம் அறுக்கவும் கட்டட வேலைக்கும் அந்தப் பக்கம் போய் இருபது வருஷம் இருந்து, மலையாளம் சரளமாய்ப் பேசுகிற நம் ஆட்களை ‘ன’வை வைத்தே அவர்கள் பாண்டிக்காரன் என்று கண்டுகொள்ளுகிறார்கள். அந்த ஆளுக்கு அங்கேயே பிறந்து வளர்கிற பிள்ளைக்கு அந்தத் தொல்லை கிடையாது. தகப்பனும் மகனும் ஒரே ஜாதி, ஒரே இரத்தம், ஒரே குலதெய்வந்தான். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரையில் திருவாங்கூரோடு இருந்தது, பிறகு இந்தப் பக்கம் வந்தது. ராஜ்யத்தின் எல்லையை ஒரு கையெழுத்தில் மாற்றலாம். காதின் எல்லையைத் தொட்டிலில்தான் மாற்ற முடியும்.

அதற்காகப் பெரியவர்களுக்குக் கதவு அடைபட்டே போயிற்று என்று சொல்லவில்லை. 1991-ல் ஜப்பானியப் பெரியவர்கள் சிலருக்குப் பல பேருடைய குரல்களில் ‘ர’, ‘ல’ உள்ள இங்கிலீஷ் வார்த்தைகளைச் சில வாரங்கள் கேட்கச்செய்து பழக்கியதில், முன்னைவிட நன்றாய்ப் பிரித்தார்கள். ஆனால் குழந்தை விளையாட்டாய்ச் செய்வதைப் பெரியவன் உழைத்துச் செய்யவேண்டியிருக்கிறது. அவ்வளவுதான்.

இனி நமது பண்டிதர்கள் சும்மா இருப்பார்களா? ‘இதெல்லாம் எங்கள் புராணத்திலேயே இருக்கிறது’ என்று கிளம்பிவிடுவார்கள். அபிமன்யு தாய் வயிற்றிலிருந்தே சக்கர வியூகத்தைக் கற்றான், பிரகலாதன் வயிற்றிலேயே நாரதர் உபதேசத்தைக் கேட்டான், இன்றைக்கு வெள்ளைக்காரன் அதையே கண்டுபிடித்திருக்கிறான் என்பார்கள். இந்தப் பேச்சு கல்யாண வீடுகளிலும் வளைகாப்பு வீடுகளிலும் செல்போன்களிலும் மிக மும்முரமாய் நடப்பதால் இதைக் கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

வயிற்றிலுள்ள பிள்ளைக்கு ஏறக்குறைய ஆறாம் மாதத்திற்குமேல் காது கேட்க ஆரம்பிக்கிறது என்பது வாஸ்தவம். 1980-ல் டீகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள் வேறொரு ஸ்திரீயின் குரலைவிடத் தம் தாயின் குரலைக் கேட்கவே அதிகம் விரும்புகின்றன என்று ரப்பர்க் காம்பை வைத்தே காட்டினார்கள். 1986-ல் டீகாஸ்பரும் ஸ்பென்ஸும் கர்ப்பிணிகளைக் கடைசி ஆறு வாரம் ஒரே கதையைத் தினம் உரக்கப் படிக்கச் சொன்னார்கள். பிறந்த பிள்ளைகள் மற்றக் கதைகளைவிட அந்தக் கதையின் ஓசையையே விரும்பின. சரி, இதில் பிள்ளை கற்றது என்ன? கதையையா? இல்லை. வயிற்றுத் தசையும் தண்ணீரும் கடந்து போகிற பேச்சில் மெல்லிய ஒலிகள் மங்கிப்போகும். ஏற்ற இறக்கமும் தாளமும் குரலின் சாயலுந்தான் போய்ச் சேரும். பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு புருஷனும் பெண்சாதியும் சண்டை போட்டால், சண்டை என்று தெரியும், யார் குரல் என்று தெரியும். எதற்குச் சண்டை என்று தெரியாது. அதுபோல என்று வைத்துக்கொள்ளலாம்.

அபிமன்யு கேட்டதோ யுத்த வியூகத்தின் விவரம். அதைப் புரிந்துகொள்ள முதலில் பாஷை தெரியவேண்டுமே! வயிற்றுக்குள் அவனுக்குப் பாஷை கற்றுக்கொடுத்த வாத்தியார் யார்? அதோடு, தாய் சுபத்திரை பாதியில் தூங்கிவிட்டதால் வெளியே வரும் வழி அவனுக்குத் தெரியாமல் போயிற்று என்கிறார்கள். தாய் தூங்கினால் பிள்ளையின் காதுமா தூங்கிவிடும்? சொன்னவர் சொல்லிக்கொண்டேதான் இருந்தார் என்றால் பிள்ளை கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கவேண்டும். அவர் நிறுத்திவிட்டார் என்றால், அந்த அரைகுறைப் பாடத்துக்குப் பிள்ளை பிறந்து பதினாறு வயதாகும் வரையில் ஒருவரும் மீதியைச் சொல்லிக்கொடுக்கவில்லையா? கதை எழுதினவன் காதைப் பற்றி யோசித்து எழுதவில்லை. அதை இன்று சயன்ஸ் என்று சொல்லுகிறவர்கள் கதையைப் பற்றியும் யோசிக்கவில்லை.

மனிதனிடம் பேசாமலேயே ஒரு பாஷை தானாக வருமா என்ற கேள்வியையும் நம் நாட்டிலேயே ஓர் அரசன் பரீட்சித்துவிட்டான். அக்பர் பாதுஷா, ‘கடவுள் கொடுத்த ஆதிபாஷை எது?’ என்ற விவகாரத்தைத் தீர்க்க, கைக்குழந்தைகள் சிலரை ஒரு தனி வீட்டில் அடைத்து, வாய் திறக்காத தாதிகளை வைத்து வளர்க்கச் செய்தார். ஜனங்கள் அதை ஊமை மாளிகை என்றார்கள். 1582-ல் போய்ப் பார்த்தபோது ஒரு குழந்தையிடமிருந்தும் ஒரு சொல்கூட வரவில்லை, ஊமைச் சத்தந்தான் வந்தது என்று அவருடைய சரித்திரமான அக்பர் நாமாவிலேயே எழுதியிருக்கிறது. ஏழைகளின் குழந்தைகளை இப்படிப் பாழாக்கிய கொடுமைக்கு அவரை எவ்வளவு கண்டித்தாலும் தகும். ஆனால் விடை வந்துவிட்டது. சமஸ்கிருதமும் வரவில்லை, அரபியும் வரவில்லை, தமிழும் வந்திருக்காது. தேவபாஷை என்று ஒன்று இருந்தால் மனிதர் பாஷை ஒன்றும் கலவாத அந்த வீட்டில் அல்லவா அது வந்திருக்கவேண்டும்!

இப்போது திருச்செந்தூருக்கு வருவோம். பேசாத பிள்ளைகளுக்கு அங்கே நேர்ந்துகொள்ளுவதற்கு ஆதாரமாய்ச் சொல்லப்படுவது குமரகுருபரர் கதை. 17-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர், ஐந்து வயதுவரை பேசாதிருந்தார், பெற்றோர் திருச்செந்தூருக்குக் கொண்டுபோனார்கள், அங்கே வாய் திறந்தது, திறந்த வாயால் கந்தர் கலிவெண்பா பாடினார் என்கிறார்கள். இது நடந்ததா இல்லையா என்ற வழக்குக்கே நாம் போகவில்லை. நடந்ததாகவே வாதத்துக்காக ஒப்புக்கொள்ளுவோம். பாடினது தமிழில். ஏன் தமிழில்? ஸ்ரீவைகுண்டத்துத் தெருவில் ஐந்து வருஷமும் அவர் காதில் விழுந்தது தமிழ். தெலுங்கு தேசத்தில் பிறந்திருந்தால் தெலுங்கில்தான் பாடியிருப்பார் என்பதில் பக்தர்களுக்கும் சந்தேகமிருக்காது. ஆகவே அந்தக் கதையின்படியே பார்த்தாலும் பிள்ளைக்குக் காது நன்றாய்க் கேட்டிருக்கிறது, பாஷை முழுவதும் உள்ளே போய்ச் சேர்ந்திருக்கிறது, வாய்தான் தாமதம். காது நன்றாயிருந்து வாய் மட்டும் தாமதிக்கிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. அவைகளில் பல கோயிலுக்குப் போனாலும் போகாவிட்டாலும் ஒருநாள் பேசிவிடும். போன பிள்ளை பேசினால் கோயிலுக்குப் பேர். போயும் பேசாவிட்டால் பிள்ளையின் முன்வினை! லாபம் வந்தால் எனக்கு, நஷ்டம் வந்தால் உனக்கு என்கிற இந்த வியாபாரத்தை எந்தச் செட்டியாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

இன்னொரு கணக்கும் பார்க்கவேண்டியிருக்கிறது. பிள்ளைக்குப் பேச்சு வந்தது யாரால்? எட்டு மாதக் குழந்தைகளுக்கு இடைவெளியில்லாமல் ஓடுகிற ஒரு போலிப் பேச்சை இரண்டே நிமிஷம் கேட்கச்செய்ததில், எந்த அசைகள் எப்போதும் சேர்ந்தே வருகின்றன என்று பார்த்து அவை ‘வார்த்தை’களைப் பிரித்துவிட்டன என்று 1996-ல் சாஃப்ரான் என்ற அம்மையாரும் மற்றவர்களும் காட்டினார்கள். இரண்டு நிமிஷத்தில் இவ்வளவு பிடிக்கிற பிள்ளைக்கு, பால் கொடுக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் கால் அலம்பும்போதும் ஒரு வருஷம் ஓயாமல் பேசிக்கொட்டுகிறவள் தாய். ‘மம்மம்’ என்றும் ‘தாச்சு’ என்றும் குரலை இழுத்து, உயர்த்தி, ஒன்றையே ஒன்பது தரம் சொல்லுகிறாளே, படித்த ஆண்கள் அதைப் பைத்தியக்காரப் பேச்சு என்று சிரிக்கிறார்கள். அந்த இழுப்பும் ஏற்றமுந்தான் குழந்தையின் காதைப் பிடித்து நிறுத்துகிறது, குழந்தைகள் பெரியவர்களுடைய சாதாரணப் பேச்சைவிட அதையே விரும்பிக் கேட்கின்றன என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். தொண்டை வறளப் பேசினவள் தாய். அவளுக்கு உதவி பாட்டியும் அக்காளும். முதல் வார்த்தை வந்ததும் பேர் வசம்புக்கு, தட்சணை புரோகிதனுக்கு! பெண்களுடைய உழைப்பை நாம் எதில்தான் ஒழுங்காய்க் கணக்கெழுதியிருக்கிறோம்?

வசம்பில் உள்ள ஒரு சரக்கு உடம்புக்குக் கெடுதி என்று கண்டு அமெரிக்காவில் 1968-லேயே அதை உணவில் சேர்க்கக்கூடாதென்று தடுத்துவிட்டார்கள். ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் கொடுக்கக்கூடாது, அதிலிருக்கும் கிருமி விஷமாகலாம் என்று வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள். இது பாட்டிமார்களுக்கு.

படித்த தாய் தகப்பன்மார் செய்வது வேறு. வசம்பு மூடத்தனம் என்று விட்டுவிட்டு, செல்போனைப் பிள்ளையின் கையில் கொடுத்து, இங்கிலீஷ் பாட்டைப் போட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். 2003-ல் பாட்ரிஷியா கூல் என்ற அம்மையார் வெளியிட்ட பரீட்சை இவர்களுக்காகவே செய்தது போலிருக்கிறது. அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மொழிக்காரர்கள் தரையில் உட்கார்ந்து பேசி விளையாடினார்கள். ஒரு தடவைக்கு இருபத்தைந்து நிமிஷம், மொத்தம் பன்னிரண்டு தடவை. அந்தப் பிள்ளைகள் சீன ஒலிகளைப் பிரிக்கக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டெலிவிஷனில் பார்த்த பிள்ளைகள் ஒன்றும் கற்கவில்லை. ஒலிநாடாவில் கேட்டவையும் கற்கவில்லை. முகம் பார்த்து, பதிலுக்குச் சிரித்து, பிள்ளை பார்க்கிற பொருளையே தானும் பார்த்துப் பேசுகிற மனிதன் அதற்குத் தேவை. தங்களுக்கே சரியாய் வராத இங்கிலீஷில் பிள்ளையோடு நாலு வார்த்தை பேசிவிட்டு நிறுத்திக்கொள்ளுகிறவர்கள், வாய் நிறைய வருகிற தமிழில் நாள் முழுவதும் பேசினால் பிள்ளைக்கு எவ்வளவோ உபகாரமாயிருக்கும்.

இதெல்லாம் காது கேட்கிற பிள்ளைகளின் விஷயம். நாம் இவ்வளவு காரமாய் எழுதக் காரணம் மற்றப் பிள்ளைகள்தான். ஆயிரம் பிள்ளை பிறந்தால் ஒன்று முதல் மூன்று வரை காது சரியாய்க் கேட்காமல் பிறக்கின்றன. இது உலகக் கணக்கு. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று இரத்த உறவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொள்ளுகிற நம் பக்கத்தில் பரம்பரைச் செவிடு இன்னும் அதிகமாய் வருவதற்கு இடமிருக்கிறது. சொத்து வெளியே போகக்கூடாது என்று முறை பார்த்துக் கட்டி, அதன் பலன் பிள்ளையின் காதில் விடிகிறது.

அச்சன்புதூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில், பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியோடு நாம் பேச நேர்ந்தது.

“ஆச்சி, பிள்ளைக்கு எத்தனை வயசு?”

“ஆடி வந்தா மூணு முடியுதுய்யா. இன்னும் வாய் திறக்கல. செந்தூருக்கு நேந்திருக்கு.”

“காது கேக்குதான்னு பாத்தீங்களா?”

“கேக்காம என்னய்யா? தட்டு விழுந்தா திரும்பிப் பாக்கான்லா!”

இந்தத் தட்டுச் சோதனைதான் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கெடுத்தது. தட்டு விழுந்தால் தரை அதிர்கிறது, காலில் தெரியும். கை தட்டினால் நிழல் ஆடும், காற்று படும். அதோடு, செவிடு என்றால் ஒன்றுமே கேட்காது என்பதல்ல. பலருக்கு இடி கேட்கும், லாரி கேட்கும், கொட்டு கேட்கும்; ‘ச’, ‘ப’, ‘த’ போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு நம் பேச்சு, கதவுக்கு அப்பால் நடக்கிற சண்டை மாதிரிதான். ஆனால் அது மற்றப் பிள்ளைகளைப் போலவே அழும், சிரிக்கும், முதல் சில மாதம் ‘ஊ, ஆ’ என்று சத்தமும் போடும். பத்து மாதமாகியும் ‘பாபா, மாமா’ என்று தெளிவான அசைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லாமலிருந்தால் அப்போதாவது சந்தேகப்படவேண்டும். நம்மவர்களோ வசம்பை இன்னும் கொஞ்சம் அதிகமாய் உரைக்கிறார்கள், அல்லது நாக்குக்குக் கீழே சவ்வு ஒட்டியிருக்கிறது என்று அறுக்கக் கொண்டுபோகிறார்கள். நாக்கு ஒட்டியிருந்தால் சில ஒலிகள் திருத்தமாய் வராமலிருக்கலாம். பேச்சே வராமலிருப்பதற்கு அது காரணமாகாது.

நேர்த்திக்கடனால் என்ன நஷ்டம், மனச் சமாதானத்துக்குத்தானே என்று சிலர் கேட்கிறார்கள். நஷ்டம் பணத்தில் இல்லை, மாதத்தில் இருக்கிறது. 1998-ல் அமெரிக்காவில் யோஷினாகா-இட்டானோ என்ற அம்மையார் வெளியிட்ட கணக்குப்படி, செவிட்டுத்தனம் ஆறு மாதத்திற்குள் கண்டுபிடிக்கப்பட்டு உடனே உதவி கிடைத்த பிள்ளைகள், பிறகு கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளைவிடப் பாஷையில் மிகவும் முந்தியிருந்தன. ஏழை பணக்காரன், அதிகச் செவிடு குறைந்த செவிடு என்ற பேதமில்லாமல் அப்படியே இருந்தது. ஒலிகளைத் தூற்றிப் பிரிக்கிற வேலை முதல் வருஷத்தில் நடக்கிறதென்று மேலே பார்த்தோம். அந்த வருஷத்தை வசம்புக்கும், அடுத்த வருஷத்தைச் சோசியனுக்கும், மூன்றாம் வருஷத்தைச் செந்தூருக்கும் கொடுத்துவிட்டு, நாலாம் வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் என்ன செய்வார்?

காதே கேட்காத பிள்ளைக்கும் பாஷை வராமல் போகவேண்டியதில்லை. காது கேளாத தாய் தகப்பன் கையால் பேசுகிற வீட்டில் வளருகிற காது கேளாத குழந்தை, மற்றப் பிள்ளைகள் வாயால் ‘பாபா’ என்கிற வயதில் விரல்களால் மழலை பேசுகிறது என்று 1991-ல் லாரா பெட்டிட்டோ என்பவர் கண்டெழுதினார். மூளைக்கு வேண்டியது பாஷை. அது காதால் வராவிட்டால் கண்ணால் வரட்டும், காலத்தில் வந்தால் போதும். நம் ஜில்லாவைப் பொறுத்தமட்டில் இது புதிய விஷயமுமல்ல. 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலேயே ஃப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற ஆங்கிலேய அம்மையார் பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். அவர் மிஷனைச் சேர்ந்தவர். அவருடைய மதம் நமக்கு வேண்டாம். ஆனால் நம் ஜனங்கள் ‘ஊமை’ என்று மூலையில் தள்ளிய பிள்ளைகளுக்குக் காதுதான் குறை, புத்தியல்ல என்று கண்டு, உட்காரவைத்துப் படிப்பும் தொழிலும் சொல்லிக்கொடுத்ததற்கு எந்த மதத்தின் உத்தரவும் தேவைப்பட்டிருக்காது. பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் ஏறக்குறைய முப்பத்தைந்து மைல். நூறு வருஷத்துக்குமேல் நம் மக்கள் அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாண்டிக்கொண்டுதான் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள்.

இன்று வசதி இன்னும் அதிகம். பிறந்த இரண்டாம் நாளே, தூங்குகிற குழந்தையின் காதில் ஒரு சிறு குழாயை வைத்துச் சில நிமிஷத்தில் காது வேலை செய்கிறதா என்று பார்த்துவிடலாம். குழந்தை பதில் சொல்லவேண்டியதில்லை. உள்காது தானே திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலியைக் கருவி பதிந்துகொள்ளும். அதில் சந்தேகம் வந்தால் காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பைச் சோதிக்கத் தனிக் கருவி இருக்கிறது. காதுக்குள் கருவி வைக்கும் அறுவையை முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைக் குழந்தைகளுக்கு இனாமாய்ச் செய்கிறார்கள். அதற்கும் வயது வரம்பு உண்டு, சீக்கிரம் போகிறவர்களுக்கே பலன். கருவி வைத்த பிறகும் வருஷக்கணக்கில் தாய் பேசிப் பேசிப் பழக்கவேண்டும். தென்காசி 2019-ல் தனி ஜில்லா ஆகிவிட்டது, தலைமை ஆஸ்பத்திரி தென்காசியிலேயே இருக்கிறது. அச்சன்புதூரிலிருந்து பஸ் ஏறினால் முற்பகலில் போய்ப் பிற்பகலில் திரும்பிவிடலாம். இராகுகாலம் பார்க்கவேண்டியதில்லை, செவ்வாய்க்கிழமையும் போகலாம்.